மெய்நிகர் உலாவில் தட்டைப் படம்: தனிக் காட்சியா, பாப்-அப்பா?

ஓர் இடத்தைத் திரையிலேயே சுற்றிப் பார்க்க வைக்கும் மெய்நிகர் உலாவில், நாற்புறமும் காட்டும் 360 பாகைப் பனோரமாக்களுடன் சாதாரணத் தட்டை ஒளிப்படத்தையும் சேர்க்க நினைப்பவர், அதைத் தனிக் காட்சியாக வைக்கலாம். அல்லது ஹாட்ஸ்பாட் எனும் தொடுகுறியைத் தொட்டதும் பனோரமாவின் மேல் திறக்கும் பாப்-அப் சாளரமாகக் காட்டலாம்.

தனிக் காட்சியில் படம் திரை முழுவதையும் பெறுகிறது. உயர்தெளிவுப் படத்தைத் துண்டுகளாக்கி ஏற்றினால், பழைய ஓவியத்தின் மயிரிழை விரிசல் வரை பெரிதாக்கிப் பார்க்க முடியும் என்பதால், நுணுக்கமே உயிராக உள்ள படங்களுக்கு இதுவே தகும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பனோரமாவான 2:1 (அகலம்:உயரம்) விகிதக் கோளப் படத்துக்குரிய அமைப்பையே இதற்கும் விட்டுவைத்தால் நேர்கோடுகள் வளைந்துவிடும். தட்டைப் பட வகையைத் தேர்ந்தெடுப்பதோடு, பழைய இடத்துக்குத் திரும்பும் பொத்தானையும் மறவாமல் வைக்க வேண்டும்.

பாப்-அப்பில் பார்வையாளர் நின்ற இடமும் பார்த்த திசையும் மாறுவதில்லை. சிறு விளக்கப் படங்களுக்கு அது போதும். எனினும் வலைப்பக்க அடுக்காக அமைந்த பாப்-அப் பொதுவாகத் தலையில் அணியும் விஆர் (மெய்நிகர் உண்மை) கருவியில் தெரியாது. அங்கே படத்தைப் பனோரமாவுக்குள்ளேயே ஹாட்ஸ்பாட்டாகப் பதிக்க வேண்டியிருக்கும்.