1,180 மணி ஓடிய பழைய மேசி டிராக்டர்: ஒன்பது வருஷம் ஓட்டிய பிறகு

2016-இல் லால்குடி பக்கம் ஒரு பெரிய வீட்டில் பாகம் பிரித்தபோது, களத்திலேயே வைத்து சாமான்களை ஏலம் விட்டார்கள். ட்ரெய்லர், ஆயில் இன்ஜின், சட்டிக் கலப்பை, கடைசியாக 1998 மாடல் மேசி பெர்குசன் 1035 டிராக்டர். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரில் 1,180 மணி. அதே வயசு வண்டி வெளியில் 1,40,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நான் 1,85,000 வரை கேட்டு எடுத்தேன். மீட்டருக்கு 45,000 அழுதவன் என்று ஊரில் சிரித்தார்கள்.

மீட்டரை மட்டும் நம்பி நான் கேட்கவில்லை. 18 வருஷத்துக்கு 1,180 என்றால் வருஷத்துக்கு 65 மணிதான். நடவு சமயத்தில் அதை ஒரே வாரத்தில் ஓட்டிவிடுவோம். தவிர, அந்தக் கால வண்டிகளில் மீட்டர் இன்ஜினிலிருந்து வரும் கேபிளில் ஓடுவது. கேபிள் அறுந்தால் மணி நின்றுவிடும், வண்டி நிற்காது.

அதனால் இரும்பைப் பார்த்தேன். கிளட்ச் பெடலில் வார்த்த வரிகள் மழுங்காமல் கட்டைவிரலில் தட்டுப்பட்டன. ட்ரெய்லர் மாட்டும் ஓட்டை வட்டமாகவே இருந்தது. லோடு இழுத்த வண்டியில் அது முட்டை மாதிரி ஆகியிருக்கும். ஸ்டார்ட் பண்ணி ஆயில் மூடியைத் திறந்து கையை வைத்தேன், பேக் கம்ப்ரஷன், அதாவது தேய்ந்த இன்ஜினில் மூடி வழியே தள்ளும் புகை, இல்லை. நெல் சாகுபடியை விட்டுத் தென்னை வைத்ததும் வண்டி கொட்டகைக்குப் போய்விட்டது என்று பழைய டிரைவர் அண்ணன் சொன்னதும் கணக்கு சரியாக வந்தது.

சரி, ஓடாத வண்டிக்கு நோயே வராதா? நின்றே கெடும். முதல் வாரம், ராத்திரி மழை பெய்த மறுநாள் காலை, கிளட்சை அடிவரை மிதித்தும் கியர் விழவில்லை. கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, இன்ஜினோடு சுற்றும் பிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. மெக்கானிக் வெட்டவெளியில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்தபடியே பிரேக்கை ஓங்கி அடித்தார். மூன்றாவது தடவை 'டொக்' என்று விட்டது. ஆனால் அடுத்த மாதம் பின்பக்க ஆயில் சீல் காய்ந்து ஒழுகவே, வண்டியை நடுவில் பிரிக்க வேண்டியதாயிற்று. அப்போதே பிளேட்டையும் மாற்றினேன். டயர் நாலும் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தன, பக்கவாட்டில்தான் வெடிப்பு. டீசல் டேங்கில் துரு. பேட்டரி கேட்கவே வேண்டாம். முதல் வருஷமே 70,000-க்கு மேல் போனது, 15 வருஷம் முடிந்திருந்த ஆர்.சி.யைப் புதுப்பித்த செலவு தனி.

அப்புறம் இரும்பு தன் வேலையைக் காட்டியது. வருஷத்துக்கு 400 மணி, பாதி கேஜ் வீல் (சேற்றுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டுச் சேற்றில். இதுவரை பிஸ்டன், லைனரைக் கழற்றவில்லை, கியர் பாக்ஸைத் தொடவில்லை. அப்போது 1,40,000-க்கு வாங்கிய பங்காளி இரண்டு தடவை இன்ஜின் வேலை பார்த்துவிட்டார். ஆனாலும் இன்று அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால், ரப்பர் சீலுக்கும் டயருக்கும் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுதான் ஏலத்தில் வாயைத் திறப்பேன்.

போன மாதம் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். நேரே மீட்டருக்குக் குனிந்தார். 4,310. நடுவில் கேபிள் அறுந்து ஒரு போகம் முழுக்க மீட்டர் ஓடவில்லை என்று சொன்னேன். பெடலைப் பாருங்கள் என்றேன், பார்க்கவில்லை. கேபிளுக்காகப் பத்தாயிரம் குறைத்துக் கேட்டார். வண்டி இன்னும் என் கொட்டகையில்தான் நிற்கிறது.