மாரிக்கு வாங்கின இலை காயவைக்கிற மெசின், ஒரு வருசம் பாவிச்ச பிறகு

போன ஐப்பசியில மழை தொடங்கிற நேரம் பாத்து ரவுணில ஒரு கடையில வாங்கினனான், 18,500 ரூபா. அஞ்சு தட்டு, பின்னால ஒரு காத்தாடி, 250 வாட், சூடு 35இல இருந்து 70 பாகை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். அம்மா பாத்திட்டு "உதென்ன, இலைக்கு ஹீற்றரோ" எண்டு கேட்டவ. அவவுக்கு சுளகில பரவி விறாந்தையில நிழலுக்க வைச்சுத்தான் பழக்கம், பங்குனி சித்திரையில அது காணும், முருங்கையிலை ரெண்டு மூண்டு நாளில காய்ஞ்சிடும், அதுக்கு ஒரு மெசினும் தேவையில்லை. (நேர வெய்யிலில மட்டும் போடாதேங்கோ, பச்சை வெளிறிப் போகும், வாசமும் போயிடும்.) கரைச்சல் ஐப்பசி கார்த்திகையிலதான், உடுப்பே காயாது, இலை கறுத்துப் பூஞ்சணம் பிடிச்சிடும். ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சி வின்ரருக்குக் கறிவேப்பிலை கேக்கிறதும் சரியா அந்த நேரம்தான், போற ஆக்களிட்டக் குடுத்துவிடோணும்.

முதல் நாள் அவசரத்தில கறிவேப்பிலையை 60இல விட்டிட்டன். கெதியாக் காய்ஞ்சது உண்மை, ஆனா மண்ணிறமாப் போய், வாசமெல்லாம் குசினிக்குள்ள, இலையில ஒண்டுமில்லை. பேந்து 40இல ராத்திரி முழுக்க, 8 மணித்தியாலம் விட்டன், பச்சை அப்பிடியே நிண்டது, கையில பொத்திக் கசக்க நொறுநொறுவெண்டு உடைஞ்சுது. கரண்ட் எண்டு பாத்தா 2 யூனிற்தான்.

முருங்கையிலைதான் சிரிப்பு. காயக் காய இலை பாரமில்லாமப் போய் காத்துக்கு எழும்பிப் பறந்து, தட்டு ஓட்டையளுக்கால கீழ எல்லாம் கொட்டுண்டு கிடந்தது. பழைய நுளம்பு வலையைத் தட்டு அளவுக்கு வெட்டி கீழ ஒண்டு மேல ஒண்டு போட்டாப் பிறகுதான் நிம்மதி. ஆய்ஞ்ச இலை அரைக்கிலோ போட்டா 110 கிராம் மட்டில வரும், அதை இடிச்சுத் தூளாக்கினா ஒரு சின்னப் போத்தல்.

கற்பூரவள்ளிக்கு உது சரிவராது. இலை முழுக்கத் தண்ணி, ரெண்டு ராத்திரி ஓடியும் நடு நரம்பு வளையுது. நான் காய்ஞ்சிட்டுது எண்டு நினைச்சுப் போத்தலில அடைச்சன், அடுத்த நாள் காலம பாத்தா கண்ணாடிக்கு உள்ப்பக்கம் வேர்த்துக் கிடக்கு, அவ்வளவும் குப்பைக்கு. இப்ப எதை அடைச்சாலும் ஒரு நாள் விட்டுப் போத்தலைப் பாத்திட்டுத்தான் அலுமாரியில வைக்கிறது.

ரைமர் இல்லை, நடுச்சாமம் எழும்பி நிப்பாட்டோணும். பிளக்கும் ரெண்டு தட்டைக் கம்பி, எங்கட சுவருக்குப் போகாது, அடப்டருக்கு வேற காசு. கடையில கேட்டா "எல்லாம் அப்பிடித்தான் அக்கா வாறது" எண்டுபோட்டுப் போனை நோண்டுறார். 5க்கு மூண்டரை குடுப்பன், அதுவும் வெளிநாட்டில கேட்டு நிக்கிற சொந்தக்காரர் இருந்தா மட்டும்.

தூதுவளை இன்னும் போட்டுப் பாக்கேல்லை, முள்ளுக்க கையைவிட்டு ஆயிறதுக்கு ஆரும் வரட்டும்.