நான்காம் நம்பர் இழைப்புளி: அந்தப் பித்தளைச் சக்கரம் ஒன்றுதான்

மரம் சீவும் பழைய நான்காம் நம்பர் (அளவைக் குறிக்கும் எண்) இரும்பு இழைப்புளி வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். 2 அங்குல அலகு, 45 டிகிரி சாய்வு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பல வருடம் புழங்கியும் எரிச்சல் தீராத இடத்தை மட்டும் சொல்கிறேன்.

அலகை ஏற்றி இறக்கும் பித்தளைச் சக்கரம். திசை மாற்றித் திருப்பினால் முக்கால் சுற்று வரை சும்மாவே சுற்றும், அலகு அசையாது. சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரும் கவை (கவட்டை வடிவ நெம்பு), அதன் முனை நுழையும் சிப் பிரேக்கர் (அலகின் மேல் திருகிய இரும்புத் தகடு) துளை, இரண்டிலும் உள்ள தளர்ச்சி சேர்ந்துதான் இந்த வெற்றுச் சுற்று. பின்னுக்கு இழுத்து அப்படியே விட்டால், நாலு தள்ளுக்குள் அலகு உள்ளே நழுவிச் சீவல் நின்றுவிடும். மழுங்கிவிட்டதென்று நினைத்துக் கல்லில் தீட்டப் போகிறவர்கள் உண்டு. தேவைக்கு அதிகமாகவே பின்னிழுத்து, பிறகு முன்னோக்கித் திருப்பி, பிடிமானம் தட்டிய பிறகு இறக்குங்கள். கடைசித் திருப்பு முன்னோக்கித்தான் இருக்க வேண்டும். அலகை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப்பை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது. சக்கரம் விரலுக்கு மசியாமல் போவதுதான் மிச்சம்.

ஆனால் அதே சிப் பிரேக்கர் செய்யும் வேலையைப் பார்த்தால் கோபம் தணிந்துவிடுகிறது. அதன் முனையை 50 டிகிரிக்குத் தீட்டி, அலகின் விளிம்புக்கு 0.2 மில்லிமீட்டர் அருகில் வையுங்கள். மர ரேகைக்கு எதிராகத் தள்ளினாலும் மரம் பிய்யாது. சரியாக அமைந்தால் சீவல் சுருளாமல் நேராக எழும். மடிப்பு மடிப்பாகக் கசங்கினால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். அலகையும் சிப் பிரேக்கரையும் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே சீவல் சிக்கி வாய் அடைத்துக்கொள்ளும். முடிச்சு சுற்றிய பலகையில்கூட உப்புத்தாள் தொடாமல் கண்ணாடிபோல வழவழப்பு கிடைத்திருக்கிறது.

பின்பிடி ஆடினால் பயப்பட வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கியிருக்கும், ஒரு வாஷர் போதும்.

வாங்கலாமா? இன்றும் அந்தச் சக்கரத்தோடு மல்லுக்கட்டிய கையோடு எழுதுவதால், வேண்டாம் என்றே சொல்வேன். ஆப்பு வைத்த மர இழைப்புளியில் சுத்தியால் இரண்டு தட்டு தட்டினால் அலகு நின்ற இடத்தில் நிற்கும். இரும்புதான் வேண்டுமென்றால் கடையிலேயே சக்கரத்தை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அரைச் சுற்றுக்கு மேல் சும்மா சுற்றினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.