அம்மாவின் 11 மாத்திரைகள்: உறையூரில் எங்களுக்குக் கிடைத்த குடும்ப மருத்துவர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரிலிருந்து திருச்சி உறையூருக்குக் குடிபெயர்ந்தபோது, மருத்துவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை. பக்கத்திலேயே தில்லை நகர் இருக்கிறது. அதன் குறுக்குத் தெருக்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மருத்துவமனைப் பலகைதான் கண்ணில் படும். மூட்டுக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், தோள்வலிக்கு ஒருவர் என்று நாங்களும் போய் வந்தோம். ஓராண்டு முடிவதற்குள் 68 வயதான என் அம்மா, நான்கு மருத்துவர்களின் சீட்டுகளை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு 11 மாத்திரைகள் விழுங்கிக்கொண்டிருந்தார். அப்படியும் கணுக்கால் வீக்கம் வடியவில்லை. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்ததில் தூக்கம் கெட்டு, பகலில் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு மருத்துவரும் தம் துறைக்குரியதைப் பார்த்தார். மொத்தத்தையும் பார்க்க ஆளில்லை.

எதிர்வீட்டு அக்கா இந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னபோது ‘நல்ல கைராசி’ என்றுதான் சொன்னார். கைராசியை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மாவை அழைத்துப் போகும் முன் எனக்கு வேறு சிலவும் தெரிய வேண்டியிருந்தது. பலகையில் எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்று எழுதியிருந்தது. இது தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மூன்றாண்டு மேற்படிப்பு. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், மகப்பேறு, அறுவை சிகிச்சை எனப் பல பிரிவுகளிலும் சுழற்சி முறையில் பயிற்சி பெற்றே இதை முடிக்க முடியும். குடும்ப மருத்துவர் என்றால் வேறு மேற்படிப்புக்கு இடம் கிடைக்காதவர் என்று நம்மில் பலர் எண்ணுவது முற்றிலும் தவறு. மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் குறிப்பிட வேண்டும், கட்டணத்தை எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் சொல்கின்றன. இங்கே இரண்டும் வாசலிலேயே இருந்தன. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவ மன்றத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்துச் சரிபார்த்த பிறகே டோக்கன் போட்டேன்.

முதல் நாள் அவர் சீட்டே எழுதவில்லை. அம்மா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, “வீட்டுல என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்களோ அத்தனையையும் ஒரு பையில போட்டு நாளைக்கு எடுத்துட்டு வாங்கம்மா. நிறுத்தினது, எப்பவாவது போடுறது, எல்லாமே வேணும்” என்று மட்டும் சொன்னார். மறுநாள் மாலை நாங்கள் கொண்டுபோன மஞ்சள் பையை மேசையில் கொட்டி, அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, வணிகப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படித்து, ஒரே வகையானவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். நிறமும் பெயரும் வேறு வேறாக இருந்த இரண்டு அட்டைகள் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டுமே அசிக்லோஃபெனாக் என்னும் வலி மாத்திரை. ஒன்று மூட்டுக்கு எழுதியது, மற்றொன்று தோளுக்கு எழுதியது. அம்மா ஆறு மாதமாக ஒரே மருந்தை இரட்டிப்பாக உட்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இவ்வகை வலி மாத்திரைகள் தொடர்ந்து உட்கொள்ளப்பட்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், சிறுநீரகத்துக்கும் கேடு. அழுத்தம் ஏறியதைப் பார்த்த மருத்துவர் அம்லோடிபின் மாத்திரையை 5 மில்லிகிராமிலிருந்து 10 ஆக உயர்த்தியிருக்கிறார். அம்லோடிபினின் அளவு கூடும்போது பலருக்குக் கணுக்கால் வீங்கும். அந்த வீக்கத்தைத் தனி நோயாக எடுத்துக்கொண்டு, நீர் பிரிவதற்காக ஃபுரோசமைடு எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காலையில் போடவேண்டும் என்று யாரும் அழுத்திச் சொல்லாததால், அம்மா இரவு உணவுக்குப் பின் விழுங்கி வந்திருக்கிறார். இரவெல்லாம் எழுந்ததற்கும் பகலில் தலை சுற்றியதற்கும் காரணம் அதுதான். வலியில் தொடங்கி ஒன்றின் பின்விளைவுக்கு இன்னொன்று என்று சங்கிலியாக நீண்டிருந்ததை, மேசையில் அட்டைகளை வரிசையாக வைத்து அவர் விரலால் தொட்டுக் காட்டியபோது, என் அம்மாவுக்கே முழுதாகப் புரிந்தது.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அவர் நிறுத்திவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் உப்புகளின் அளவுக்கும் இரத்தப் பரிசோதனை எழுதினார். பிரஷருக்குப் பார்த்துவரும் மருத்துவரிடம் எங்கள் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசினார். வலி மாத்திரைகள் இரண்டையும் நிறுத்தி, தேவைப்பட்டால் மட்டும் பாரசிட்டமால் என்று மாற்றினார். ஃபுரோசமைடை நிறுத்தி, அம்லோடிபினைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து, வாரம் ஒரு முறை அழுத்தம் பார்க்க வரச் சொன்னார். ஒரு மாதத்தில் அம்மாவின் கொலுசு மறுபடியும் கணுக்காலில் தளர்வாக அசைந்தது. இப்போது நாளொன்றுக்கு ஆறு மாத்திரைகள்தான்.

அழுத்தம் பார்ப்பதிலும் ஒரு முறைமை இருக்கிறது. வந்தவுடன் பட்டையைச் சுற்றுவதில்லை. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்கிறார். கையை மேசை மேல் நெஞ்சின் உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதுகிறார். முன்பு ஓரிடத்தில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்த அம்மாவுக்கு நின்ற நிலையிலேயே பார்த்து எண்ணைக் குறித்தார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தின் அளவு கூடியது என்பதை இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது.

சென்ற ஐப்பசி மழையின்போது என் ஏழு வயது மகனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போடவில்லை, ஆன்டிபயாடிக் எழுதவில்லை. எடைக்கேற்ற பாரசிட்டமாலும் நீராகாரமும் மட்டும் போதும், டெங்குவாக இருக்கக்கூடுமாதலால் இபுபுரோஃபென் என்னும் வலி மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றார். காய்ச்சல் விட்டவுடன் நிம்மதி அடைந்துவிடக் கூடாது, டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது என்று சொல்லி, விடாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றை எங்கள் நோட்டில் எழுதி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போகும்படி அறிவுறுத்தினார். அவனுக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே முடிந்தது. எனக்கு அந்த நான்கு வரிகள் எந்த ஊசியையும்விடப் பெரிய துணையாக இருந்தன.

நோட்டு என்று சொன்னேனே, அது குடும்பத்துக்கு ஒன்றாக அவரே தரும் கோடு போட்ட சாதாரண நோட்டு. யாருக்கு என்ன மருந்து, ஏன், எப்போது நிறுத்துவது என்று பெரிய எழுத்தில், மருந்தின் மூலப் பெயரோடு எழுதுகிறார். கண்ணின் விழித்திரையை ஆண்டுக்கொரு முறை பார்க்கவேண்டும் என்று அம்மாவை அனுப்பியபோதும் அதிலேயே கடிதம்போல எழுதித்தான் அனுப்பினார்.

குறைகளும் உண்டு. டோக்கன் நேரில் போனால்தான், தொலைபேசியில் தருவதில்லை. ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குகிற மருத்துவரிடம் காத்திருக்க நேர்வது இயல்புதான் என்றாலும், மூட்டுவலியுள்ள முதியவர்கள் ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. வாசலில் உள்ள மூன்று படிகளும் உயரமானவை, பிடித்து ஏறக் கம்பி இல்லை. சக்கர நாற்காலியில் வருபவரைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மிகுதியாக வரும் இடத்தில் இந்தக் கம்பியும் சரிவுப் பாதையும் உடனே செய்யப்பட வேண்டியவை. உதவியாளரிடம் இருமுறை சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கட்டணம் 250 ரூபாய். பத்து நாட்களுக்குள் அதே தொல்லைக்காகத் திரும்பி வந்தால் வாங்குவதில்லை.

மாலை ஐந்து மணிக்கு டோக்கன் தொடங்குகிறது; நான்கரைக்கே போய்விடுவது நல்லது. முதன்முறை போகிறவர்கள் பழைய சீட்டுகளோடு வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கடையில் நான்கு, ஐந்தென்று வெட்டி வாங்கிய அட்டையில் மருந்தின் பெயர் பாதியில் அறுந்திருக்கும். எங்கள் பையிலும் அப்படி ஒன்று இருந்தது, அதைக் கண்டுபிடிக்க மருந்துக் கடைக்கு மறுபடி ஓட வேண்டியிருந்தது. ஆகவே கடையில் வாங்கும்போதே பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.