அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி: சிங்கப்பூரில் மூன்று வாரம்

பெர்த்திலிருந்து மூன்று வார விடுப்பில் ஈசூனுக்கு, அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். போன அன்று இரவே தொப்புளுக்குக் கீழே ஒரு கட்டியைக் காட்டினாள். கொண்டைக்கடலை அளவு, சிவப்பு, தொட்டால் கல் மாதிரி. வலியே இல்லை. "சூட்டுக் கட்டிதான்டி, போயிடும்" என்றாள். புளோக்குக்குக் கீழே உள்ள கிளினிக்கில் இரண்டு முறை களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வருஷம் முன்பு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் கீமோவும் எடுத்துக்கொண்டவள் அவள். அதை அங்கே யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மறுநாள் காலை, அவளுக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். இரண்டு மாதம் கழித்து இருந்த அப்பாயின்ட்மென்டை அந்த வாரமே மாற்றிக் கொடுத்தார்கள். டாக்டர் கட்டியை ஒரு முறை அமுக்கிப் பார்த்ததும் சதைப் பரிசோதனை என்றார். மரத்துப்போக ஒரு ஊசி, பென்சில் முனை போன்ற கருவியால் துளி சதை, ஒரே தையல். தமிழ்த் தாதி ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னார். அந்தக் கைக்கு என்ன கைம்மாறு செய்வது!

முடிவு வந்தது. அதே புற்றுநோய்தான், தோலுக்குப் பரவியிருக்கிறது. பெரும்பாலும் நிணநீர்க் கணு, நுரையீரல், ஈரல், எலும்பு என்றுதான் இது போகுமாம். தோலுக்கு வருவது நூறில் இரண்டு பேருக்கும் குறைவு. அப்படித் தோலில் தெரிந்தால் உள்ளேயும் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலிலும் இருந்தது.

அப்புறம் நடந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவமனையின் சமூக ஊழியர் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கையெல்லாம் உட்கார்ந்து விளக்கினார். பின்னால் தேவைப்பட்டால் கடைசிக் காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எச்சிஏ ஹாஸ்பிஸிலிருந்து தாதியும் டாக்டரும் வீட்டுக்கே வருவார்கள், கட்டணம் கிடையாது என்றும் சொன்னார். அக்கா அதை மட்டும் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

அக்கா மகளுக்கு 32 வயது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸால்தான் வருகிறது. பள்ளிகளில் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்கு எச்பிவி தடுப்பூசி வந்ததே 2019இல்தான், இவளுக்கு அது எட்டவில்லை. முப்பது வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை எச்பிவி பரிசோதனை, பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) செய்யலாம். "வேலை இருக்கு சித்தி" என்றாள். சரி, லீவு போடு என்றேன். நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் அவளைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன், அக்காவும் கூடவே வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.