கார் ஜன்னலுக்கு ஸ்க்ரீன் போடும் முன் கூரை ஓரத்தைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாகக் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்காரர்கள், இதைப் படித்துவிடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது.

எனக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். பின் இருக்கையை மடித்துவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல், காரைக்குடி என்று போவேன். டீ குடிக்க இறங்கினால்கூட கண்ணாடி வழியாகச் சரக்கு பளிச்சென்று தெரியும். பங்குனியில் மகள் பிறந்த பிறகு இன்னொரு தேவையும் சேர்ந்துகொண்டது. மாமனார் வீடு திருமங்கலம் பக்கம். வழியில் பிள்ளை பாலுக்கு அழும். பக்கத்தில் பஸ் வந்து நின்றால் மனைவி கூசிப்போவாள். "என்னங்க, ஒரு ஸ்க்ரீனாவது போடுங்க" என்று அவள் கேட்டது நியாயம்தான்.

நகருக்குள் ஓர் ஆக்சசரீஸ் கடைக்குப் போனேன். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. இழுத்தால் இறங்கி, விட்டால் சுருண்டுகொள்ளும் ஸ்பிரிங் ஸ்க்ரீனைக் கடைக்காரர் காட்டினார். நான்கு ஜன்னலுக்கும் சேர்த்து 8,500 ரூபாய். "போலீஸ் பிடிக்குமா தம்பி?" என்று கேட்டேன். "அண்ணே, ஃபிலிம் ஒட்டினாத்தான் பிடிப்பாங்க. இது துணிதானே, ஆர்டிஓவே ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றார். நம்பினேன். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்றே வாரம்தான். ஒத்தக்கடையில் போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். 500 ரூபாய் அபராதம், அந்த இடத்திலேயே நான்கையும் சுருட்டச் சொன்னார்கள். அதன் பிறகுதான் விசாரித்தேன். 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தபோது, கண்ணாடிகள் மேல் வேறு எந்தப் பொருளும் கூடாது என்று சேர்த்தே சொல்லியிருக்கிறது. துணி என்றால் தப்பிக்கலாம் என்று கடைக்காரர் சொன்னது அவரே சொல்லிக்கொண்ட சட்டம்.

அபராதம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கப்புறம் தெரிந்ததுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

வண்டி ஓடும்போது இடது பக்கம் மேலே கடகடவென்று சத்தம். சர்வீஸுக்கு விட்டேன். கூரையின் உள்துணியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்த மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். எங்கள் வண்டியில் 6 ஏர்பேக். அதில் இரண்டு, கதவுகளுக்கு மேலே, கூரை ஓரம் முழுக்க நீளமாக மடித்து வைத்திருக்கும் திரை ஏர்பேக். பக்கவாட்டில் மோதினால் கண் இமைப்பதற்குள் கீழே விரிந்து தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்கும். ஸ்க்ரீனின் அலுமினியப் பட்டையை மாட்டுவதற்காக அந்த ஓரத்திலேயே துளை போட்டு ஸ்க்ரூ முடுக்கியிருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூ மடித்த பையையே குத்திக்கொண்டு நின்றது. "சார், இடிச்சிருந்தா இது கிழிஞ்சிருக்கும், இல்ல அந்தப் பட்டையே பிச்சுக்கிட்டு உள்ள வந்திருக்கும்" என்றார்.

அந்தப் பட்டைக்கு நேர் கீழேதான் என் மனைவி மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு மாசம் அப்படித்தான் போய் வந்தோம்.

வெளியாள் துளை போட்டதால் அந்தப் பகுதிக்கு வாரன்டி இல்லை என்றார்கள். ஏர்பேக், உள்துணி, கூலி எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "நீங்க கேட்டீங்க, நாங்க போட்டோம்" என்றார். ஏர்பேக் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு ஸ்டியரிங்கைக் காட்டினார். அவருக்குத் தெரியவே தெரியாது. தெரியாத கையில் டிரில்லிங் மெஷினைக் கொடுத்து என் வண்டிக்குள் ஏற்றிவிட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

உங்கள் வண்டியின் கதவுத் தூண் பிளாஸ்டிக்கிலோ கூரை ஓரத்திலோ ஏர்பேக் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அங்கே யாரையும் ஸ்க்ரூ வைக்க விடாதீர்கள். பொறிக்காத வண்டியிலும் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சரி, பிள்ளைக்குப் பால் கொடுக்க என்ன செய்வது? ஏர்பேக் மாற்றிய பிறகு நாங்கள் வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடியில் ஒட்டி எடுக்கிற வலைத் தட்டியை மாட்டிக்கொள்ளப் போகிறோம்; கிளம்பும்போது கழற்றிவிடுவோம். சரக்கு மேல் சாம்பல் நிறப் போர்வை ஒன்றை விரித்துவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே மூட்டை இருப்பதே தெரியவில்லை.

எதைப் போட்டாலும் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இருந்தது துண்டுச் சீட்டும், ஜிபே பண்ணிய பதிவும்தான். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசியபோது, பணம் போன பதிவையும் சேர்த்து வைக்கச் சொன்னார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. 2 வருடத்துக்குள் போட வேண்டும். மெக்கானிக் எழுதிக் கொடுத்த அறிக்கை, ஸ்க்ரூ குத்தி நிற்கிற படம், போலீஸ் சலான் எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

புது ஏர்பேக் வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதுவரை மனைவியும் பிள்ளையும் பஸ்ஸில்தான் திருமங்கலம் போய் வருகிறார்கள்.