ஊட்டி மார்க்கெட் பக்கத்து விதைக் கடை

வீட்டில் முதல் முறையாக விதை போடுகிறவர்கள் ஆன்லைனில் வாங்காமல் நேராக இங்கே போய்க் கேட்டு வாங்குங்கள். தொட்டியா, பாத்தியா, வெயில் எவ்வளவு நேரம் விழும் என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் கடைக்காரர் பாக்கெட்டையே எடுப்பார். கேரட்டை நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும், அதனால் பாத்தியிலேயே தூவுங்கள், இந்தக் குளிருக்கு முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை மேல்மண் காயாமல் இருந்தால் போதும், கிளறிப் பார்க்க வேண்டாம் என்றார். பீட்ரூட் விதை பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் அது பல விதைகள் ஒட்டிய கொத்து. எனக்கும் ஒரே குழியில் மூன்று முளை, சிவப்புத் தண்டோடு நெருக்கியடித்து வந்தது. வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.

டிசம்பரில் தக்காளி விதை கேட்டதற்கு, உறைபனியில் கருகிவிடும், பனி முடிந்ததும் வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டார்!

ஒரே குறை, சில்லறையாக மடித்துத் தரும் பொட்டலத்தில் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. அது சரியில்லை. சீல் வைத்த பாக்கெட்டாகவே கேளுங்கள், இருக்கிறது, தருவார்.